கட்டையைத் தேய்க்காதீர்கள்

சென்ற இதழில் என்னிடம் இருக்கும் எம்1 காரண்ட் என்ற, இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவ ரைஃபிளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் ஒஹையோவில் லேத், மில்லிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய அமெரிக்க ராணுவ ரைஃபிள்களைச் சேகரிக்கிறேன். எனக்குக் கைப்பழக்கம் உள்ள விஷயங்களுக்கு மட்டும்தான் பதில்.

கேள்வி: என் மனைவியின் தந்தை கொரியப் போருக்குப் போய் வந்தவர். அவர் வைத்திருந்த எம்1 காரண்ட் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. துப்பாக்கியின் மரக் கட்டை முழுக்கக் கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கிறது. அடுத்த மாதம் ஒரு துப்பாக்கிக் கண்காட்சியில் நண்பர்களின் மேசையில் வைக்கப் போகிறோம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா? (வாசகர், இண்டியானா)

பதில்: வேண்டாம். உப்புத்தாளைக் கையில் எடுத்திருந்தால் கீழே வைத்துவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நான் இவ்வளவு பதறுவதற்குக் காரணம், அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். 1994-ல் எங்கள் பட்டறையில் இருந்த ஒரு பெரியவர் ஊரை மாற்றிக்கொண்டு போகும்போது தன் காரண்டை என்னிடம் விற்றார். உங்களுடையதைப் போலத்தான், கன்னங்கரேலென்று இருந்தது. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து 120-ம் நம்பர் தாள், 220, 400 என்று வரிசையாகத் தேய்த்தேன். வால்நட் மரம் தேன் நிறத்தில் மின்னியது. பெருமையாக ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். பக்கத்து மேசைக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பேனா டார்ச்சை எடுத்து, கட்டையின் இடப்பக்கத்தில் ஒட்டினாற்போலப் படுக்கவைத்து வெளிச்சம் அடித்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தன்னுடைய ரைஃபிளை எடுத்து அதே இடத்தில் அதே மாதிரி வெளிச்சம் காட்டினார். மரத்தில் ஒரு சின்னச் சதுரம் எழுந்து வந்தது. உள்ளே மேல்வரியில் எஸ்.ஏ., கீழ்வரியில் என்.எஃப்.ஆர்., பக்கத்தில் குறுக்காக வைத்த இரண்டு பீரங்கிகள். எஸ்.ஏ. என்றால் அமெரிக்க அரசின் ஆயுத ஆலையான ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி. என்.எஃப்.ஆர். அப்போது அதன் பொறுப்பில் இருந்த நார்மன் எஃப். ராம்சேயின் பெயரெழுத்துகள். ராணுவம் ரைஃபிளைச் சோதித்து ஏற்றுக்கொண்டதற்கான முத்திரை. என்னுடைய கட்டையில் அந்தச் சதுரத்தின் ஒரே ஒரு மூலை மட்டும், நகத்தால் கீறியது போல மிச்சம் இருந்தது. குழலில் ‘எஸ்.ஏ. 2 45’ என்று இருக்கிறது. அதாவது குழல் செய்தது 1945 பிப்ரவரியில். அதோடு சேர்ந்த முத்திரையை ஒரே நாளில் தூளாக்கித் தரையில் கொட்டிவிட்டேன். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஆகவே உங்கள் வேலை துடைப்பது மட்டும்தான். அதற்கு முன்னால் ரைஃபிள் காலியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். போல்ட்டை, அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் இரும்புப் பாகத்தை, முழுக்கப் பின்னால் இழுத்து, தோட்டாக்கள் கோத்த க்ளிப் இருக்கும் இடத்தையும் குழலில் தோட்டா உட்காரும் பின்வாயையும் மேலே இருந்து கண்ணால் பாருங்கள். பழக்கம் இல்லையென்றால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காரண்டின் போல்ட் சட்டென்று முன்னால் பாய்ந்து கட்டைவிரலை நசுக்கிவிடும். ‘எம்1 தம்ப்’ என்று ராணுவத்திலேயே இதற்குப் பெயர் உண்டு.

கட்டையை மினரல் ஸ்பிரிட்ஸ் (பெயிண்ட் கரைக்கும் திரவம்) நனைத்த மெத்தென்ற துணியால் துடையுங்கள். துணி கறுப்பாகும், மாற்றி மாற்றித் துடையுங்கள். ஒரு நாள் காயவிட்டு, காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயைச் சில சொட்டு உள்ளங்கையில் எடுத்துச் சூடு பறக்கத் தேயுங்கள். அரைமணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், அவ்வளவுதான். அந்த எண்ணெய்த் துணியை மட்டும் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள். கட்டையில் உள்ள பள்ளங்கள், கீறல்கள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அதில் சில உங்கள் மாமனார் போட்டதாக இருக்கலாம்.

கேள்வி: ஒரு எம்1 கார்பைன் (காரண்டைவிடக் குட்டையான, இலகுவான வேறொரு ராணுவத் துப்பாக்கி) வாங்கினேன். மேலே ஐ.பி.எம். என்று பொறித்திருக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனி துப்பாக்கி செய்ததா? கழற்றிப் பார்த்தால் ஒவ்வொரு பாகத்திலும் வேறு வேறு எழுத்து. ஏமாந்துவிட்டேனா? (வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஏமாந்ததாகத் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போரில் 60 லட்சத்துக்கும் மேல் கார்பைன்கள் தேவைப்பட்டன. துப்பாக்கிக் கம்பெனிகளால் மட்டும் அது முடியாது. பத்து முதன்மை ஒப்பந்தக்காரர்களில் வின்செஸ்டர் என்ற பழைய துப்பாக்கிக் கம்பெனியும் இருந்தது. ஆனால் ஜூக்பாக்ஸ் என்ற, காசு போட்டால் பாடும் பெட்டி செய்த ராக்-ஓலா, டைப்ரைட்டர் செய்த அண்டர்வுட், தபால் முத்திரை இயந்திரம் செய்த கம்பெனி, ஜெனரல் மோட்டார்ஸின் இன்லாண்ட் பிரிவு என்று துப்பாக்கிக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் இறங்கினார்கள். ஐ.பி.எம். சுமார் 3,46,000 கார்பைன்கள் செய்தது.

எழுத்துகளின் கதை இதுதான். பாகத்தைச் செய்தவர் அல்லது யாருக்காகச் செய்தார்களோ அவருடைய குறி அதில் இருக்கும். பி என்றால் ஐ.பி.எம்., யு என்றால் அண்டர்வுட், டபிள்யூ என்றால் வின்செஸ்டர். ஒரு ஆலையில் பாகம் குறைந்தால் இன்னொரு ஆலையிலிருந்து அனுப்பினார்கள். போர் முடிந்ததும் ராணுவக் கிடங்குகளில் கார்பைன்களை மொத்தமாகப் பிரித்து, சுத்தம் செய்து, கைக்கு வந்த பாகத்தை வைத்து மறுபடி பூட்டினார்கள். குறிபார்க்கும் பின்பக்கச் சைட்டை மாற்றினார்கள், பயோனெட் என்ற துப்பாக்கிக் கத்தியை மாட்டும் வளையத்தைச் சேர்த்தார்கள். அப்படிக் கலந்து பூட்டியதுதான் உங்கள் கையில் இருப்பது.

இயந்திரம் பிடித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் கிடைக்கும் சந்தோஷத்தைச் சொல்கிறேன். ஒரு ஜூக்பாக்ஸ் ஆலையில் கடைந்த போல்ட், வேறு மாநிலத்தில் டைப்ரைட்டர்காரர் செய்த ரிசீவருக்குள், அதாவது போல்ட் ஓடும் இரும்புக் கூட்டுக்குள், அரம் தொடாமல் போய் உட்காருகிறது. அன்றைக்கு இருந்தது அளவு பார்க்கும் கேஜும் மைக்ரோமீட்டரும் மனிதக் கையும்தான். என் கார்பைனில் அந்த போல்ட்டை இழுத்து விடும்போதெல்லாம் அந்த ஆட்களைக் கைகுலுக்கியது போல இருக்கும்.

இனி, எல்லாம் பி எழுத்தாகத் தேடிப் பிடித்து மாற்றலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மாற்றலாம், பலர் செய்கிறார்கள், தேடுவதும் நல்ல பொழுதுதான். ஆனால் எதை எடுத்தோம், எதைப் போட்டோம் என்று ஓர் அட்டையில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். எடுத்த பாகங்களையும் கூடவே வையுங்கள். நாளைக்கு அதை விற்கும்போது ‘ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது’ என்று சொன்னால் அது பொய். அந்தப் பொய்தான் இந்தப் பொழுதுபோக்கை அரிக்கிற கரையான்.

கேள்வி: குட்டையான ‘டேங்கர் காரண்ட்’ ஒன்று விலைக்கு வருகிறது. டாங்கிப் படையினர் பயன்படுத்தியது என்கிறார் விற்பவர். வாங்கலாமா? (வாசகர், டெக்சாஸ்)

பதில்: சுடுவதற்குப் பிடித்திருந்தால் வாங்குங்கள், சரித்திரத்துக்காக வேண்டாம். போரின் கடைசியில் குட்டைக் குழல் வைத்துச் சோதித்துப் பார்த்தது உண்மை. ராணுவம் அதை ஏற்கவில்லை. சந்தையில் டேங்கர் என்று வருபவை பின்னால் வியாபாரிகள் வெட்டிச் சுருக்கியவை.

கேள்வி: துப்பாக்கியை என் விருப்பப்படி மாற்றிச் செய்யும் வேலைதான் எனக்குப் பிடிக்கும். ஒரு காரண்டுக்குப் புதுக் கட்டை, குறிபார்க்க உதவும் ஸ்கோப் (தொலைநோக்கி) எல்லாம் போட ஆசை. உங்களைப் போன்ற சேகரிப்பாளர்கள் திட்டுவீர்களா? (வாசகர், ஜார்ஜியா)

பதில்: திட்ட மாட்டேன். போன வசந்தத்தில் ஒரு நண்பர் தன் கையால் இழைத்த மேப்பிள் கட்டையோடு ஒன்றைக் கொண்டுவந்தார். மரத்தின் வரிகள் புலித்தோல் மாதிரி, திருப்பத் திருப்ப ஓடின. ரிசீவரும் மரமும் சேரும் இடத்தில் ஒரு காகிதம் நுழையவில்லை. அரைமணி நேரம் அங்கேயே நின்றேன்.

என் வேண்டுகோள் எந்த ரைஃபிளில் கை வைக்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான். குழல் மாற்றியது, கிடங்கில் மறுபடி பூட்டியது, இறக்குமதியாளர் முத்திரை குத்தியது என்று எத்தனையோ கிடைக்கின்றன. அவற்றில் உங்கள் கைவரிசையைக் காட்டுங்கள். தப்பித்தவறி 1940-க்கு முந்திய ‘கேஸ் ட்ராப்’ வகை கிடைத்தால் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள். குழலின் முனையில் வாயுவைப் பிடிக்கும் அந்த அமைப்பை ராணுவமே கழற்றிப் புது முறைக்கு மாற்றிவிட்டது. மாறாமல் தப்பியவை மிகச் சில.

ஸ்கோப் பற்றி ஒன்று. எட்டுத் தோட்டா க்ளிப் மேலே இருந்துதான் உள்ளே போகும், காலியானதும் மேலேயே துள்ளி விழும். அதனால் ஸ்கோப்பை நேர் மேலே வைத்தால் வழி மறிக்கும். ராணுவம் தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடுவதற்கான எம்1சி, எம்1டி என்ற காரண்ட் வகைகளில் அதை இடப்பக்கம் தள்ளிவைத்து, கன்னம் சாய ஒரு தோல் திண்டைக் கட்டியது இதனால்தான்.

கேள்வி: என் கணவரும் உங்களைப் போலத்தான். உயிர் எடுத்த கருவியை எண்ணெய் தடவி மேசையில் வைத்து அழகு பார்ப்பது எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கு உறுத்துவதில்லையா? (வாசகி, கலிஃபோர்னியா)

பதில்: உறுத்தும் அம்மா. அந்த உறுத்தல் இல்லாதவரோடு எனக்கு இந்த விஷயத்தில் பேச ஒன்றும் இல்லை. பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள் நாலு கிலோவுக்கு மேல் கனக்கும் இதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எதிரே இருந்தவனும் அதே வயசுதான். என் மேசைக்கு வரும் குழந்தைகள் ‘இதனால் யாராவது செத்தார்களா’ என்று கேட்டால், செத்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

அப்படியும் ஏன் வைத்திருக்கிறேன்? என்னை இழுத்தது ஜான் காரண்ட் என்ற மனிதர். 1888-ல் கனடாவின் க்யூபெக்கில் பிறந்தவர். சிறுவனாகக் கனெக்டிகட் வந்து, நூற்பாலையில் தரை கூட்டியவர், அங்கேயே இயந்திர வேலை கற்றவர். 1919-ல் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரியில் சேர்ந்து, வருடக்கணக்காகத் திருத்தித் திருத்திச் செய்த ரைஃபிளை ராணுவம் ஏற்றது 1936-ல். 50 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட அந்த ரைஃபிளுக்கு அவர் ராயல்டி ஒரு காசு வாங்கவில்லை, உரிமையை அரசுக்கே கொடுத்துவிட்டார். ஒரு லட்சம் டாலர் கொடுக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த மசோதாவும் நிறைவேறவில்லை. சம்பளம் மட்டும் வாங்கி ஓய்வு பெற்று 1974-ல் காலமானார். கூட்டிப் பெருக்கத் தொடங்கிய கை அது. என்னைப் போன்ற பட்டறைக்காரனுக்கு அதை விட்டு நகர முடியவில்லை. உங்கள் கணவருக்கும் இப்படி ஏதோ ஒன்று இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எச்1பி விசாவில் இருக்கிறேன். நானும் ஒன்று வாங்கிச் சேகரிப்பைத் தொடங்கலாமா? (வாசகர், மாசசூசெட்ஸ்)

பதில்: அவசரப்படாதீர்கள். தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் அதை நம்பி நண்பர் சொன்னார் என்று இறங்காதீர்கள், வழக்கறிஞரைக் கேளுங்கள். மாநிலச் சட்டம் தனி, உங்கள் மாநிலத்தில் கெடுபிடி அதிகம். ராணுவத்தின் பழைய காரண்டுகளை விற்கும் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் ப்ரோகிராமில் வாங்கக் குடியுரிமையே வேண்டும்.

அதுவரை உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி உங்கள் மாநிலத்தில்தான். 1968-ல் மூடினார்கள், இப்போது தேசியப் பூங்காத் துறையின் அருங்காட்சியகம். காரண்ட் உருவாக்கிப் பார்த்த மாதிரிகள் அங்கே இருக்கின்றன. கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். கட்டையின் இடப்பக்கம் தெரிகிற மாதிரி வைத்திருந்தால், தலையைக் கொஞ்சம் சாய்த்து, வெளிச்சம் படுகிற கோணத்தில் நின்று அந்தச் சின்னச் சதுரத்தைத் தேடுங்கள். கிடைத்தால் எனக்கு எழுதுங்கள்.