வெப்பமண்டலக் காடுகளில் மரம் வெட்டுபவர்களை விதிப்படி வெட்டச் செய்வது எப்படி?

கூலியை எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை மாற்றாமல் வேறு எதைச் செய்தாலும் பயன் குறைவு என்பதே என் பதில்.

நான் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருப்பவன். காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குத் தாங்கலாகவும் நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் முதிர்ந்தவற்றை அவ்வப்போது விற்பேன். எந்த மரத்தை வெட்டலாம் என்பதை அனுமதிச் சீட்டு சொல்லும்; அது சாயும்போது பக்கத்தில் நிற்கும் பலாவை யார் காப்பது என்பதைச் சொல்லாது. முதல்முறை என் தாத்தா வைத்த பலா ஒன்று அப்படித்தான் முறிந்தது. கடிந்துகொண்டபோது மேஸ்திரி, “டன்னுக்குத்தானே கூலி, ஐயா? பலாவைப் பார்த்துக்கொண்டு நின்றால் சாயங்காலம் எங்களுக்கு என்ன மிஞ்சும்?” என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. அடுத்தமுறை நாள்கூலி பேசி, செடி முறியாமல் சாய்த்த ஒவ்வொரு மரத்துக்கும் தனியாகப் பணம் கொடுத்தேன். வேலை இரண்டு நாள் நீண்டது. முறிந்த காப்பிச் செடிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அமேசான் காட்டின் கணக்கும் ஏறத்தாழ இதுதான். பிரேசில் நாட்டு விதிகளின்படி, பொதுவாக 50 செ.மீ. விட்டத்துக்குக் குறைந்த மரத்தைத் தொடக்கூடாது. இயந்திரம் கொண்டு வெட்டும்போது ஹெக்டேருக்கு 30 கன மீட்டருக்கு மேல் எடுக்கக்கூடாது. வெட்டத்தக்க மரங்களிலும் பத்தில் ஒரு பங்கை விதைக்காக விட்டுவைக்க வேண்டும். இவற்றோடு, மரங்களின் உச்சிகளைப் பிணைத்துக் கிடக்கும் கொடிகளைப் பல மாதங்களுக்கு முன்பே அறுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு மரம் விழும்போது நான்கை இழுத்துக்கொண்டு விழும். தடி இழுக்கும் பாதையை முன்கூட்டியே குறித்து, அதற்கு வாகாக மரத்தைச் சாய்க்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் தொழிலாளியின் நேரத்தைத் தின்பவை. கன மீட்டருக்குக் கூலி வாங்குபவன் விதியை மதித்தால் அவன் வீட்டில்தான் குறையும்.

ஆயினும் சில விதிகள் அவனுக்கே நன்மையானவை. கொடி அறுத்த மரம் எதிர்பாராத பக்கம் திரும்பித் தலையில் விழுவது குறைவு. உள்ளே பொந்து இருக்கிறதா என்று முன்பே சோதித்தால் வீண் உழைப்பு குறையும். பயிற்சியை இவற்றிலிருந்து தொடங்க வேண்டும். அதையும் அதிகாரி மேடையில் நின்று சொல்வதைவிட, இன்னொரு மரவெட்டி அடிமரத்தருகே நின்று செய்துகாட்டினால் எடுபடும். காட்டைக் குத்தகைக்கு எடுத்து ஆள் வைத்து வெட்டுபவர் விஷயம் வேறு: அடுத்த வெட்டுக்கு 25 முதல் 35 ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய காட்டில், அப்போதும் குத்தகை தன்னிடம் இருக்கும் என்ற உறுதி இல்லாதவர் இளமரத்துக்காக ஏன் செலவழிப்பார்? நீண்டகாலக் குத்தகையும், முறிந்த இளமரங்களை எண்ணி அதற்கேற்பப் பிடித்தம் செய்யும் ஒப்பந்தமும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு, சாய்க்கும் பக்கத்துக்கு இழுத்துக் கட்ட வடக்கயிறு வேண்டும் என்று அதே மேஸ்திரியே என்னிடம் கேட்டு வாங்கினார்.