நிறத்தை விடுங்கள், இறக்கையை எண்ணுங்கள்

பூச்சிகளின் பெரிய வகைகளை உடல் அமைப்பை வைத்து எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளையின் ஸ்கூல் ப்ராஜெக்டாகத்தான் இருக்கும். முதலில் இறக்கையைப் பாருங்கள். நிறத்தை நம்பவே வேண்டாம், நான் பட்டிருக்கிறேன்.

நாங்கள் பெங்களூரு அல்சூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். பால்கனியில் ஒரு அவரைக்கொடி, இரண்டு தொட்டி துலுக்கச் சாமந்தி. போன டிசம்பரில் சாமந்தியைச் சுற்றி மஞ்சளும் கறுப்புமாக வரிபோட்ட பூச்சிகள் ஏழெட்டு. பக்கத்து வீட்டு அக்கா தேனீ கூடு கட்டப்போகிறது என்று பயந்துபோய் அசோசியேஷனில் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, எனக்கும் முதலில் தேனீயாகத்தான் தெரிந்தது. மறுநாள் ஒன்று பூவில் அசையாமல் உட்கார்ந்தபோது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டே இறக்கை, அதற்குப் பின்னால் குண்டூசித் தலை மாதிரி இரண்டு குமிழ், தலை முழுக்கக் கண், இருக்கிறதா என்றே தெரியாத குட்டை மீசை. ஈ! சிர்பிட் ஈ என்பார்கள், அதற்குக் கொடுக்கே கிடையாது. அதன் புழுக்கள்தான் என் அவரையில் அப்பியிருந்த, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளைத் தின்றுகொண்டிருந்தன. நான் போய்ச் சொல்வதற்குள் மருந்தடித்துவிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஈ, கொசு என்றால் இரண்டு இறக்கை. தேனீ, குளவிக்கு நான்கு, ஆனால் முன்னதும் பின்னதும் கொக்கிபோல் கோத்திருப்பதால் இரண்டாகத் தெரியும், அவசரப்படாதீர்கள். வண்டுக்கு முன்னிறக்கை ஓடு மாதிரி, முதுகின் நடுவே நேர்கோடாகச் சேரும். அந்தக் கோட்டுக்குப் பதில் முதுகில் முக்கோணமும், பாதி தோலாகவும் பாதி கண்ணாடியாகவும் உள்ள இறக்கையும் இருந்தால் அது வண்டு இல்லை, நாவாய்ப்பூச்சி. கவிழ்த்துப் பார்த்தால் உறிஞ்சும் ஊசிவாய் நெஞ்சோடு ஒட்டி மடிந்திருக்கும். வண்ணத்துப்பூச்சி தொட்டால் கையில் பொடி ஒட்டும், அது செதில். வெட்டுக்கிளிக்குப் பின்னங்கால் போதும்.

எறும்புக்கு இறக்கை எங்கே என்று சண்டைக்கு வருவீர்கள், தெரியும். ஈசலைப் போல அதிலும் பறப்பவை உண்டு, மழை முடிந்ததும் கிளம்பும். இறக்கை இல்லாத எறும்பை ஒடுங்கிய இடுப்பையும் முழங்கைபோல் மடங்கிய மீசையையும் வைத்துப் பிடித்துவிடலாம். கரையானுக்கு இடுப்பு ஒடுங்காது, மீசை மணி கோத்த மாதிரி நேராக இருக்கும். சிலந்தியை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், அதற்கு எட்டுக் கால்.

ப்ராஜெக்டுக்காகப் பூச்சியைத் தெர்மாகோலில் ஊசியால் குத்தி வைக்க வேண்டாம். கண்ணாடி டம்ளரால் மூடிப் பார்த்து, போட்டோ எடுத்துவிட்டு, எந்தச் செடியில் பிடித்தீர்களோ அதிலேயே விட்டுவிடுங்கள்.