கிளெய்ம் பட்டனை அமத்த முதல்: டோக்கன் சம்பளமும் வொலட் சிக்கலும்

இந்த முறை வந்த கேள்வியள் கிட்டத்தட்ட எல்லாம் ஒரே விசயம். கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்பு, வவுனியா எண்டு எங்கட பிள்ளையள் கனபேர் இப்ப வீட்டில இருந்துகொண்டே வெளிநாட்டுக் கொம்பனியளுக்கு வேலை செய்யினம், அதில சில கொம்பனியள் மாதச் சம்பளத்துக்கு மேலால தங்கட சொந்த டோக்கனையும் (இணையத்தில ஓடுற கிரிப்டோ நாணயம்) பங்கு மாதிரிக் குடுக்கினம், அதை வொலட்டுக்கு (கிரிப்டோ வைச்சிருக்கிற அப்) கிளெய்ம் பண்ணி எடுக்கப் போற இடத்திலதான் எல்லாரும் இடறி விழுகினம். முதல்லயே ஒண்டைச் சொல்லிப்போடுறன். உது பரிசும் இல்ல, லொத்தரும் இல்ல, நீங்கள் உழைச்ச கூலி. அதில சிக்கல் வந்தா முதல்ல கேக்க வேண்டியது கொம்பனியில கணக்குப் பாக்கிற ஆளிட்ட. வெக்கப்பட்டுக்கொண்டு டெலிகிராமில முகம் தெரியாத ஆளிட்டப் போறதாலதான் கன இழப்பு வருது.

கேள்வி: அக்கா, நான் வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டுக்கு டெஸ்டிங் வேலை செய்யுறன். ஒரு வருசம் முடிஞ்சா முதல் பங்கு எடுக்கலாம் எண்டு சொன்னவை. ஒரு வருசம் முடிஞ்ச அண்டு ராத்திரி 12 மணிக்கு முழிச்சிருந்து கிளெய்ம் பேஜுக்குப் போனன், எடுக்கக்கூடிய தொகை பூச்சியம் எண்டு காட்டுது. ஏமாத்திப்போட்டினமோ? (கிளிநொச்சி)

அவசரப்பட்டு அப்பிடி முடிவெடுக்காதேங்கோ தம்பி. உந்தக் கணக்கு ஓடுறது பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில, நாங்கள் அதுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு நிக்கிறம், அங்க நடுச்சாமம் எண்டா எங்களுக்கு விடிய 5.30. நீங்கள் 12 மணிக்குப் பாக்கேக்க அவையின்ர கணக்கில இன்னும் முதல் நாள் பின்னேரம்தான்.

விடிஞ்சும் பூச்சியம் எண்டா வொலட்டைத் திறந்து எந்த அக்கவுண்டில நிக்கிறியள் எண்டு பாருங்கோ. மெட்டாமாஸ்க் எண்ட வொலட் அப்புக்குள்ள அக்கவுண்ட் 1, அக்கவுண்ட் 2 எண்டு கன அட்ரஸ் (டோக்கன் வந்து விழுற இலக்கம்) வைச்சிருக்கலாம், கொம்பனிக்கு நீங்கள் அண்டைக்குக் குடுத்தது ஒண்டு, இப்ப பேஜில கனெக்ட் ஆகி நிக்கிறது இன்னொண்டு, அப்பிடியெண்டா பேஜுக்கு நீங்கள் ஆரெண்டே தெரியாது. அண்டைக்கு அனுப்பின ஈமெயிலைத் தேடி எடுத்து, அதில கிடக்கிற அட்ரஸின்ர முதல் ஆறு எழுத்தையும் கடைசி ஆறு எழுத்தையும் எண்டாலும் ஒண்டொண்டா ஒத்துப்பாருங்கோ. ஒத்துவந்தும் பூச்சியம் எண்டா ஒப்பந்தத்தில தொடங்கின திகதி என்ன எண்டு பாருங்கோ, நீங்கள் வேலைக்குச் சேர்ந்த நாளும் டோக்கன் எண்ணத் தொடங்கிற நாளும் ஒண்டா இருக்கவேணும் எண்டில்ல. ஒரு வருசம் பொறுத்து முதல் பங்கு, மிச்சம் நாலு வருசம் முடியுமட்டும் கொஞ்சம் கொஞ்சமா எண்டுறதுதான் கன கொம்பனியளின்ர வழக்கம்.

கேள்வி: தொகை சரியாக் காட்டுது, கிளெய்ம் அமத்தினா காஸுக்குக் காசு காணாது எண்டு சொல்லுது. டெபிட் காட்டால கொஞ்சம் ஈதர் வாங்கப் பாத்தன், பேங் காட் வேலை செய்யேல்ல. டோக்கன் எடுக்கவே காசு கட்டவேணுமோ? (வவுனியா)

ஓம், கட்டத்தான் வேணும், ஆனா கொம்பனிக்கு இல்ல. டோக்கன் ஓடுற நெட்வேர்க்கில (எல்லாருக்கும் பொதுவான கணக்குப் புத்தகம் மாதிரி) ஒரு பதிவு போடுறதுக்கான கட்டணத்தைத்தான் காஸ் எண்டு சொல்லுறது, அதை அந்த நெட்வேர்க்கின்ர சொந்த நாணயத்தாலதான் கட்டலாம், நீங்கள் வாங்கப் பாத்த ஈதர் அப்பிடி ஒரு நாணயம். உங்களுக்கு வரவேண்டிய டோக்கன் லட்சக் கணக்கில இருந்தாலும் அதால காஸ் கட்ட ஏலாது.

காட் வேலை செய்யாதது உங்கட பேங்கின்ர பிழையில்ல. 2017 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குக் கீழ 2021 இல வந்த 3 ஆம் இலக்கப் பணிப்புரையின்படி டெபிட் காட், கிரெடிட் காட்டால உந்த மெய்நிகர் நாணயக் கொடுப்பனவுகள் செய்ய ஏலாது. மத்திய வங்கி 2018, 2021, 2022 எண்டு திருப்பித் திருப்பி அறிவித்தலும் விட்டிருக்கு, இஞ்ச உந்தத் தொழில் செய்ய ஒருத்தருக்கும் தாங்கள் அனுமதி குடுக்கேல்ல எண்டு. அதால ஆரோ ஒருத்தற்ற அக்கவுண்டுக்குக் காசு போட்டு ஈதர் வாங்கப் போகாதேங்கோ, உங்கட காசு போனாத் திருப்பி எடுக்கிறது சரியான கஷ்டம்.

நான் சொல்லுற வழி லேசு. கொம்பனிக்கு எழுதுங்கோ, "நான் இருக்கிற நாட்டில காட்டால ஈதர் வாங்க ஏலாது, கிளெய்முக்குக் காஸ் அனுப்பிவிடுங்கோ" எண்டு. சின்னத் தொகைதான். ஆர்பிட்ரம், பேஸ் மாதிரி நெட்வேர்க்குகளில பெரும்பாலும் டொலர் கூட இல்ல, சதக் கணக்கு. ஆனா எந்த நெட்வேர்க்கில கிளெய்ம் பண்ணுறியளோ அந்த நெட்வேர்க்கிலயே அனுப்பச் சொல்லவேணும், டோக்கன் ஆர்பிட்ரமில இருக்க ஈதர் எதிரியம் மெயின்நெட் எண்ட மற்ற நெட்வேர்க்கில வந்து கிடந்தா வொலட்டில காசு தெரியும், பேஜ் காணாது எண்டே சொல்லும்.

கேள்வி: கிளெய்ம் அமத்தி ரெண்டு நாளாப் பென்டிங் எண்டு நிக்குது. திருப்பித் திருப்பி அமத்தியும் பாத்திட்டன். (ஒட்டுசுட்டான்)

திருப்பி அமத்தாதேங்கோ. உங்கட அட்ரஸில இருந்து போற ஒவ்வொண்டுக்கும் ஒரு வரிசை இலக்கம் இருக்கு, முன்னுக்கு நிக்கிறது போகாமல் பின்னால நிக்கிறது ஒண்டும் போகாது. முதல்ல நிக்கிறதைத் திறந்து ஸ்பீட் அப் எண்டதை அமத்தி காஸைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ, இல்லாட்டிக் கான்சல் பண்ணிப்போட்டு சிக்னல் வடிவா இருக்கிற இடத்தில இருந்து ஒருக்கா மட்டும் செய்யுங்கோ.

கேள்வி: வெற்றி எண்டு பச்சையாக் காட்டினது, வொலட்டில ஒண்டும் இல்ல. (புதுக்குடியிருப்பு)

டோக்கன் வந்திருக்கும், உங்கட அப்புக்கு அந்த டோக்கனைத் தெரியாது, அவ்வளவுதான். நெட்வேர்க்கை மாத்திப் பாருங்கோ, இல்லாட்டி இம்போர்ட் டோக்கன் எண்டதில கொம்பனி தந்த கொன்ட்ராக்ட் அட்ரஸைப் (அந்த டோக்கனை அடையாளம் காட்டிற இலக்கம்) போடுங்கோ. அந்த அட்ரஸைக் கூகிளில தேடி எடுக்காதேங்கோ, அதே பேரில போலி டோக்கன் ஆரும் செய்யலாம்.

கேள்வி: அக்கா, போன் தண்ணிக்க விழுந்து பழுதாப்போச்சு. வொலட்டின்ர 12 சொல்லையும் கொப்பி ஒற்றையில எழுதி, அம்மா காணிப் பெர்மிட் வைக்கிற சூட்கேசுக்க வைச்சனான். இப்ப எடுத்துப் பாத்தா கறையான் அரிச்சுக் கிடக்கு. 11 சொல் வடிவா இருக்கு, ஏழாவது சொல்லில சி, ஆர், யூ எண்ட முதல் மூண்டு எழுத்து மட்டும்தான் மிச்சம். எல்லாம் போச்சோ? (மல்லாவி)

போகேல்ல தங்கச்சி. உங்கட கேள்வியை வாசிச்சிட்டு நான் கொஞ்ச நேரம் அப்பிடியே இருந்திட்டன். எங்கட வீட்டிலயும் அம்மா 2009 இல எல்லாத்தையும் விட்டிட்டு வந்தாலும் உறுதியும் பிறப்புச் சான்றிதழும் கிடந்த பையை மட்டும் விடேல்ல, நெஞ்சோட கட்டிக்கொண்டு வந்தவ. பேப்பர் ஒண்டு இல்லாட்டி என்ன பாடு எண்டு வன்னிச் சனத்துக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்ல. நீங்கள் அதைப் பெர்மிட்டோட வைச்சது சரியான புத்தி, கறையான்தான் குறுக்க வந்திட்டுது.

விசயத்துக்கு வாறன். வொலட்டைத் திருப்பித் திறக்கிற சாவியான உந்தச் சொல்லுகள் சும்மா எங்கேயோ இருந்து வாறதில்ல. மொத்தம் 2048 ஆங்கிலச் சொல் கொண்ட ஒரு பட்டியல் இருக்கு, அதுக்குள்ள இருந்துதான் எல்லாம் வரும், ஒரு சொல்லின்ர முதல் நாலு எழுத்து தெரிஞ்சாலே அது எந்தச் சொல் எண்டு கண்டுபிடிக்கலாம், அப்பிடித்தான் பட்டியலைச் செய்து வைச்சிருக்கினம். உங்களுக்கு மூண்டு எழுத்து இருக்கு. அந்த மூண்டு எழுத்தில தொடங்கிற சொல் பட்டியலில ஆறே ஆறுதான்: குரூஷியல், குரூவல், குரூஸ், கிரம்பிள், கிரன்ச், கிரஷ். ஒற்றையில நாலாவது எழுத்தின்ர சின்னக் கீறு தெரியுதோ எண்டு வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ, தெரியாட்டியும் ஆறுதானே, ஒவ்வொண்டாப் போட்டுப் பாக்கலாம்.

இன்னொரு நல்ல விசயம், 12 ஆவது சொல்லுக்குள்ள ஒரு சரிபாக்கிற கணக்கு ஒளிச்சு வைச்சிருக்கு. பிழையான சொல்லைப் போட்டா வொலட் பெரும்பாலும் பிழை எண்டே சொல்லிப்போடும், சராசரியாப் பதினாறு பிழையில ஒண்டுதான் தப்பித் தவறி உள்ள விடும். அப்பிடி ரெண்டு சொல் உள்ள விட்டாலும் பயமில்ல, திறக்கிற அட்ரஸைக் கொம்பனிக்குக் குடுத்த அட்ரஸோட ஒத்துப்பாருங்கோ, ஒத்துவாறது எதுவோ அதுதான் உங்கட. திறந்த உடன முதல் அக்கவுண்ட் மட்டும் தெரியலாம், கொம்பனிக்குக் குடுத்தது ரெண்டாவது எண்டா அட் அக்கவுண்ட் அமத்தினா அதே ஒழுங்கில வரும். ஆனா பிரைவட் கீ (ஒரு அக்கவுண்டுக்கு மட்டுமான ரகசியச் சாவி) போட்டு வெளியால இருந்து கொண்டுவந்த அக்கவுண்ட் எண்டா உந்தப் 12 சொல்லால வராது, அதுக்கு அந்தக் கீ வேணும்.

இதை உங்கட சொந்தப் போனில, பிளே ஸ்டோரில இருந்து புதுசா இறக்கின உண்மையான அப்பில மட்டும் செய்யுங்கோ. சொல்லைக் கண்டுபிடிச்சுத் தாறம் எண்டு சொல்லுற எந்த வெப்சைட்டிலயும் போடாதேங்கோ, போன் திருத்திற கடையில குடுக்காதேங்கோ, தெரிஞ்ச பொடியன் எண்டாலும் வேண்டாம்.

திறந்த பிறகு புதுசா எழுதேக்க ரெண்டு ஒற்றையில எழுதி, ஒண்டை இறுக்கி மூடுற பால்மா டின்னுக்க போட்டு வையுங்கோ, மற்றதை வேற வீட்டில, நம்பிக்கையான ஒராளிட்ட ஒட்டின என்வலப்பில குடுங்கோ. லமினேட் பண்ணக் கடைக்குக் கொண்டு போகாதேங்கோ, போட்டோக் கொப்பியும் அடிக்காதேங்கோ, அங்க நிக்கிற ஆள் ஒருக்கா வாசிச்சாக் காணும். போனில படம் எடுத்தாலும் அது தானா இணையத்தில ஏறி நிக்கலாம்.

கேள்வி: டோக்கன் வாங்க அட்ரஸ் கேட்டவை, நான் கிரிப்டோ வாங்கி விக்கிற எக்ஸ்சேஞ்சில எனக்குத் தந்த டெபொசிட் அட்ரஸைக் குடுத்திட்டன். இப்ப கிளெய்ம் பேஜில அதைக் கனெக்ட் பண்ண ஏலாமல் கிடக்கு. (முல்லைத்தீவு)

அந்த அட்ரஸின்ர சாவி எக்ஸ்சேஞ்சிட்ட, உங்களிட்ட இல்ல. சாவி இல்லாமல் சைன் வைக்க ஏலாது, சைன் இல்லாமல் கிளெய்ம் இல்ல. கொம்பனியே நேர அனுப்பினாலும் அந்த எக்ஸ்சேஞ்ச் அந்த டோக்கனை ஏற்காட்டி உள்ள போய் நிண்டுகொள்ளும். இப்பவே எழுதி, சொந்த வொலட் அட்ரஸுக்கு மாத்தச் சொல்லுங்கோ. வீடியோ கோலில அடையாளம் காட்டச் சொன்னாக் கோவிக்காதேங்கோ, அப்பிடிக் கேக்கிற கொம்பனிதான் நல்ல கொம்பனி.

அட்ரஸ் பிழைக்கிறது பெரிய ஆக்களுக்கும் நடந்திருக்கு. 2022 இல ஒப்டிமிசம் எண்ட நெட்வேர்க்கை நடத்திறவையிட்ட இருந்து வின்டர்மியூட் எண்ட கிரிப்டோ வியாபார நிறுவனத்துக்கு 20 மில்லியன் டோக்கன் போனது, வின்டர்மியூட் குடுத்த அட்ரஸ் எதிரியத்தில அவையின்ர, ஆனா ஒப்டிமிசத்தில அதை இன்னும் திறக்கேல்ல, வேற ஒருத்தர் முந்திப்போய் அதைத் திறந்து டோக்கனை எடுத்திட்டார். பெரும்பகுதி பேந்து திரும்பி வந்தது. எல்லாருக்கும் அப்பிடித் திரும்பி வராது.

கேள்வி: கிளெய்ம் வேலை செய்யேல்ல எண்டு டெலிகிராம் குறூப்பில கேட்டன், சப்போர்ட் எண்டு ஒராள் உடன வந்து 24 மணித்தியாலத்துக்க செய்யாட்டி டோக்கன் காலாவதி எண்டு ஒரு லிங்க் தந்தது, 12 சொல்லையும் போட்டிட்டன். இப்ப காஸுக்கு ஈதர் வந்தாச் செக்கனில காணாமல் போகுது. (பேர், ஊர் வேண்டாம் எண்டு கேட்டவர்)

உங்களில கோவமில்ல, உந்தக் கள்ளர் செய்யுற வேலையே அவசரப்படுத்திறதுதான். 2023 மார்ச் 23 ஆர்பிட்ரம் நெட்வேர்க் தன்ர டோக்கனுக்குக் கிளெய்ம் திறந்த அண்டு பேஜ் நெரிசலில விழுந்து சனம் பதறினது, ஆனா செப்டம்பர் மட்டும் எடுக்க நேரம் இருந்தது. உண்மையான சப்போர்ட் ஒருநாளும் 12 சொல் கேக்காது.

ஈதர் மறையிறதுக்குக் காரணம், அந்த அட்ரஸைப் பாத்துக்கொண்டு ஒரு புரோகிராம் நிக்குது, வந்த உடன வழிச்செடுத்துக்கொண்டு போகும். இனி ஒரு சதமும் அனுப்பாதேங்கோ, கிளெய்மும் அமத்தாதேங்கோ, அமத்தினா டோக்கனும் அதுக்குள்ளதான் போய் விழும். கொம்பனியின்ர கொன்ட்ராக்டில (டோக்கனைப் பூட்டி வைச்சிருக்கிற புரோகிராம்) இன்னும் எடுக்காமல் கிடக்கிறது அங்கதான் இருக்கு, ஆனா சாவி இருக்கிறபடியாக் கள்ளனும் கிளெய்ம் அமத்தலாம், அதால இந்த ஒரு இடத்தில மட்டும் ஓடித்தான் ஆகவேணும். சில கொன்ட்ராக்டில கொம்பனி நினைச்சா உரிமையாளற்ற அட்ரஸை மாத்தலாம், சிலதில ஏலாது, கேட்டாத்தான் தெரியும். வேற போனில புது வொலட் திறந்து, மனேச்சருக்குக் கோல் எடுத்துச் சொல்லிப்போட்டு, ஈமெயிலும் போடுங்கோ: "என்ர பழைய வொலட் களவு போட்டுது, எடுக்காமல் இருக்கிற டோக்கனை நிப்பாட்டி இந்தப் புது அட்ரஸுக்கு மாத்துங்கோ, வீடியோ கோலில வந்து உறுதிப்படுத்திறன்." அது காணும். அதுக்குப் பிறகு பொலிசில ஒரு முறைப்பாடு போட்டு அந்த இலக்கத்தை வைச்சிருங்கோ. இழந்ததை மீட்டுத் தாறம் எண்டு இனி ஆரும் மெசேஜ் போடுவினம், அவையும் அதே கூட்டம்தான், பதில் போடாதேங்கோ.

எனக்கு எழுதுறதைப் பிறகு பாக்கலாம், முதல்ல அந்தக் கோலை எடுங்கோ.