சுண்ணாம்புச் சுவரில் பெயின்ட் உரிகிறதா? வாட்டர்ப்ரூஃப் அடிக்க வேண்டாம்

பழைய சுண்ணாம்புச் சுவரில் பெயின்ட் உரிகிறது, வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். ஆற்காட்டுத் தாத்தா வீட்டுக் கூடத்தில் கீழே மூன்றடிக்குச் சிமென்ட் பூசியிருப்பதாகச் சொன்னீர்களே, அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசுங்கள். மேலே வெள்ளையடித்தால் போதும், எமல்ஷன் பெயின்ட் கூடாது.

பெயின்ட் உரிய, பெரும்பாலும் அந்தச் சிமென்ட்தான் காரணம். பழைய செங்கல் சுவர் தரை ஈரத்தை உறிஞ்சும்; சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது காற்றில் போய்விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டதால் ஈரம் மேலே ஏறுகிறது. பூச்சு முடியும் விளிம்பில் வெள்ளைப் பொடி உதிர்வதாக எழுதியிருக்கிறீர்கள், அது ஈரத்தோடு வந்த உப்பு.

கொத்தும் முன் ஒரு சோதனை. இரண்டடிச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம், நீர் கோத்தால் ஈரம் சுவரில் இருக்கிறது. வெளிப்பக்கம் என்றால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை. முதலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அப்புறம், சித்திரை வெயிலில் தொடங்காதீர்கள். நம் பக்க வெயிலுக்குச் சுண்ணாம்பு சட்டென்று காய்ந்து வெடித்துவிடும். தை மாதம் சரியாக இருக்கும், ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். கொத்தும்போது செங்கல்லே உதிர்ந்தால் வேலையை நிறுத்திவிட்டு, பழைய கட்டடம் தெரிந்த பொறியாளரிடம் காட்டுங்கள்.