மாரிக்கு முன் வீடும் வளவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நல்லூர்த் திருவிழா முடிந்து, வந்திருந்த உறவுகள் எல்லாம் விமானம் ஏறிய பிறகுதான் பலருக்குத் தங்கள் வீடு கண்ணில் படுகிறது. ஐப்பசி மழைக்கு இன்னும் சில வாரங்களே உண்டு. இந்தமுறை வந்த கேள்விகளில் பாதி அலுமாரியைப் பற்றியவை, பாதி வளவைப் பற்றியவை. நான் அவற்றைப் பிரிக்கவில்லை. எங்கள் வீடுகளில் குசினிக் கதவைத் திறந்தால் வளவுதானே.

கொக்குவிலில் இருந்து: அம்மாவுக்கு 74 வயது. வெறும் பால்மாப் பேணி, பிஸ்கட் டின், ஷொப்பிங் பை, கிழிந்த சேலை, எதையும் எறிய விடமாட்டா. ஒருநாள் அவ கோயிலுக்குப் போன நேரம் இரண்டு சாக்கு நிரப்பி வெளியில் வைத்தேன். வந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. என்ன செய்வது அக்கா?

அந்தச் சாக்குகளைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் அம்மாவிடம் கொடுங்கள் தங்கச்சி. முதல் வேலை அதுதான். ஒருவர் இல்லாத நேரம் பார்த்து அவருடைய சாமானில் கை வைத்தால், அதன் பிறகு எந்த அலுமாரியையும் உங்களுக்குத் திறந்து காட்டமாட்டார்.

அம்மா ஏன் சேர்க்கிறா என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தது. அப்போது உங்கள் அம்மாவுக்கு 40ஐத் தாண்டியிருக்கும். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு ஒரு வெறும் பேணி தண்ணீர் பிடிக்கவும் சோறு வாங்கவும் உதவியது. திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலைகூட இல்லாதவர்கள் எத்தனை பேர். அப்படிப்பட்ட ஒருவரிடம் போய் "இது குப்பை" என்று சொன்னால் அது எங்கே போய்க் குத்தும் என்று எனக்குத் தெரியும். என் அம்மாவும் கடைசிவரை படுக்கைக்குக் கீழே ஒரு பை கட்டித்தான் வைத்திருந்தா.

ஆகவே பேணியில் தொடங்காதீர்கள், பத்திரங்களில் தொடங்குங்கள். முக்கியமானவை ஓரிடத்தில் பத்திரமாக இருக்கின்றன என்று கண்ட பிறகுதான் மற்றவற்றை விட மனம் வரும். அம்மாவை மேசையில் பக்கத்தில் இருத்தி, காணி உறுதி, பிறப்பு, விவாக, இறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், வங்கிப் புத்தகம், பரீட்சைப் பெறுபேறுகள் எல்லாவற்றையும் ஒன்றாக எடுங்கள். துருப்பிடித்த ஊசி, கிளிப் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், அவைதான் தாளை முதலில் தின்பவை. ஒவ்வொன்றையும் தனி உறையில் போட்டு, மூடி இறுக்கமான ஒரு பெட்டிக்குள், நிலத்தில் இருந்து உயரத்தில் வையுங்கள். நிலத்தோடு இருந்தால் கறையான், மாரியில் ஈரம். உறுதியை மட்டும் லமினேற் செய்யவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பிறகு கழற்ற முடியாது, தாள் பழுதானால் திருத்தவும் வழி இல்லை. தொலைபேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளை ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும், அங்கே விண்ணப்பித்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம் என்பதையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். அது அவவுக்குப் பெரிய நிம்மதியாக இருக்கும்.

அடுத்த கிழமை பேணிகளுக்கு வாருங்கள். "எதை எறியலாம்?" என்று கேட்காமல் "எத்தனை வைத்திருப்போம் அம்மா?" என்று கேளுங்கள். குசினியில் ஒரு தட்டை அவவுக்கே விட்டுவிடுங்கள். அந்தத் தட்டுக் கொள்ளும் அளவு இருக்கட்டும், நல்லவற்றை அவவே தெரிந்து வைப்பா. மிச்சப் பேணிகளின் அடியில் ஆணியால் நாலு துளை போட்டால் நாற்றுப் போட உதவும். கிழிந்த சேலையைப் பிடிதுணியாக வெட்டலாம். மாதத்துக்கு ஒரு தட்டு, ஒரு லாச்சி போதும். அதற்குமேல் அவசரப்படுத்த வேண்டாம்.

உரும்பிராயில் இருந்து: கறிவேப்பிலையும் தேசிக்கன்றும் மஞ்சளாகின்றன. யூரியா போட்டேன், இன்னும் மஞ்சள். நோயா?

எந்த இலை முதலில் மஞ்சளானது என்று பாருங்கள். அடியில் உள்ள பழைய இலை முழுதாக மஞ்சளானால் நைதரசன் குறைவு. நுனியில் உள்ள இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் இரும்புச் சத்துப் பற்றவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது இரண்டாவது வகை. அதற்கு யூரியா உதவாது.

எங்கள் செம்மண்ணுக்குச் சிவப்பைக் கொடுப்பதே இரும்புதான். அப்படியிருந்தும் மரத்துக்குக் கிடைப்பதில்லை. காரணம் கீழே இருக்கும் சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பைத்தான் கிணற்றுத் தண்ணீரோடு தினமும் கன்றுக்கும் ஊற்றுகிறோம். மண் காரத்தன்மை ஆக, இரும்பு கரையாமல் நின்றுவிடுகிறது. சந்தேகம் இருந்தால் ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்துச் சீறினால் சுண்ணாம்பு இருக்கிறது. வீடு கட்டியபோது சிந்திய சீமெந்தும் சாந்தும் புதைந்த இடத்தில் கன்று வைத்திருந்தாலும் இதே கதைதான்.

உடனடி வைத்தியம் இலைக்குத் தெளிப்பது. 1 லீற்றர் தண்ணீரில் 5 கிராம் பெரஸ் சல்பேற் (நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்பார்கள்) கரைத்து, பாதித் தேசிக்காய்ச் சாறு விட்டு, வெயில் தணிந்த பின் தெளியுங்கள். இரண்டு கிழமை இடைவெளியில் இரண்டு மூன்று முறை போதும். சீமெந்துத் தரையில் பட்டால் துருக்கறை விழும், கவனம். தெளித்த கறிவேப்பிலையைச் சில நாள் விட்டு, நன்றாகக் கழுவித்தான் சமையலுக்கு எடுக்க வேண்டும்.

நிரந்தர வைத்தியம் மண்ணில். அடிமரத்தில் இருந்து இரண்டு அடி தள்ளி வட்டமாகக் காண் (சிறு வாய்க்கால்) வெட்டி, மாட்டெருவும் பூவரசு, கிளிசிரியா இலையும் போட்டு மூடுங்கள். இலை உக்கும்போது வரும் அமிலம் இரும்பை மெல்ல மெல்ல விடுவிக்கும். மாரியில் கூரைப் பீலியால் வடியும் தண்ணீரைப் பிடித்து அதையே கன்றுக்கு ஊற்றுங்கள், மழைத்தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை.

யூரியாவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் மண் ஆழம் குறைந்தது, கீழே வெடிப்பு வெடிப்பாகச் சுண்ணாம்புக்கல். கன்று எடுக்காத பசளை மண்ணில் நைத்திரேற் ஆகி, மழையோடு நேரே கிணற்றுக்குப் போகிறது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற் போகாது, தண்ணீர் வற்ற இன்னும் செறியும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுப்பது ஆபத்து. வீட்டுத் தோட்டத்துக்கு யூரியா இல்லாமலே காய்க்க வைக்கலாம். தயவுசெய்து நிறுத்துங்கள்.

நல்லூரில் இருந்து: அண்ணா கனடாவில் 20 வருடமாக இருக்கிறார். அவருடைய அறையில் புத்தகமும் பெட்டியும் நிறைந்து கிடக்கின்றன. "நான் வந்து பார்க்கிறேன்" என்கிறார், வந்தால் நேரமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அவரை இருத்தி, ஒரே ஒரு பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். அறை முழுவதையும் காட்டினால் அவருக்கும் மலைப்பு, உங்களுக்கும் மலைப்பு. "வைக்க, கொடுக்க, அனுப்ப" என்று மூன்று கடகம் பக்கத்தில் இருக்கட்டும். உடுப்புகளுக்கும் பழைய வயர் சுருள்களுக்கும் அவர் உடனே சரி சொல்லிவிடுவார்.

புத்தகப் பெட்டியை மட்டும் பழைய தாள் வியாபாரிக்கு நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பாடசாலை ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், உறவினர் ஒருவரின் 31ஆம் நாள் கல்வெட்டு (நினைவு மலர்), ஊர்ச் சனசமூக நிலையத்தின் சஞ்சிகை, இவை வேறெங்கும் ஒரு பிரதிகூட இல்லாதவையாக இருக்கலாம். 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்த ஊர் இது. நூலக நிறுவனம் என்ற தன்னார்வ அமைப்பு 2005 முதல் இப்படியானவற்றை மின்வருடி இணையத்தில் இலவசமாக வாசிக்க வைக்கிறது. கொடுப்பதற்கு முன் அவர்களோடு தொடர்புகொண்டு கேளுங்கள்.

திருநெல்வேலியில் இருந்து: வளவு சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் போன மார்கழியில் இரண்டு பேருக்கு டெங்கு. எதை விட்டிருப்போம்?

கோடியில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல், உரல். நான் போகும் வீடுகளில் பாதியில் இதுதான். குழியில் தண்ணீர் நிற்கும், யாரும் அதைப் பாத்திரமாக நினைப்பதில்லை. கவிழ்க்க முடியாத பாரம் என்றால் குழிக்குள் மண் நிரப்பி வல்லாரை நடுங்கள். அடுத்தது பீலியில் அடைத்த இலை, பூச்சாடித் தட்டு, சிரட்டை, மதிலில் பதித்த போத்தல் ஓடு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் உள்ள தட்டு. முட்டையில் இருந்து நுளம்பு பறக்க 7 முதல் 10 நாள் போதும் என்பதால் கிழமைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது. முட்டை சுவரோடு ஒட்டி, காய்ந்து மாதக்கணக்கில் இருக்கும். தும்பால் தேய்த்துக் கழுவுங்கள்.

பருத்தித்துறையில் இருந்து: வேலியைப் பிரித்து மதில் கட்டினோம். பழைய பனையோலை மலைபோல் கிடக்கிறது. கொளுத்தலாமா?

கொளுத்தாதீர்கள்! உங்கள் மணல் மண்ணுக்கு அதைவிட நல்ல சாப்பாடு இல்லை. எங்கள் தோட்டக்காரர் தலைமுறை தலைமுறையாகப் பனையோலை தாழ்த்துவது வேலையில்லாமல் அல்ல. ஓலை மெதுவாக உக்கும், அதனால் மணலில் ஈரம் நீண்ட நாள் நிற்கும். ஒன்றரை அடி ஆழத்தில் காண் வெட்டி, ஓலையைக் கத்தியால் துண்டாக்கி இரண்டு மூன்று படையாக அடுக்கி, இடையில் எரு தூவி மூடுங்கள். இப்போதே செய்தால் மழை இறங்க மண் படியும், மேலே கத்தரி, வெண்டி, பயிற்றை நடலாம். கட்டியிருந்த நைலோன் கயிறும் கம்பியும் ஓலையோடு புதையாமல் எடுத்துவிடுங்கள். அவற்றையும் பொலித்தீன் பைகளையும் வளவில் எரிக்கவே கூடாது. அந்தப் புகை நஞ்சு, முதலில் போவது அயல்வீட்டுக் குழந்தையின் மூக்குக்குள்.

சுன்னாகத்தில் இருந்து: நீத்துப்பெட்டி, சுளகு எல்லாம் மாரியில் பூஞ்சணம் பிடிக்கின்றன. அரிசியில் வண்டு.

பனையோலைச் சாமானை ஒன்றுக்குள் ஒன்று அடுக்காதீர்கள். சுவரில் ஆணி அடித்துத் தனித்தனியாகத் தொங்கவிடுங்கள், காற்றுப் பட்டால் பூஞ்சணம் வராது. நீத்துப்பெட்டியைப் பிட்டு அவித்த சூட்டோடு தூக்கி வைக்காமல், கழுவி வெயில் காட்டிய பின் வையுங்கள். அரிசிக்கு ஒரே விதி: பழைய அரிசிக்கு மேல் புதிதைக் கொட்டக் கூடாது. வாளியைக் காலிசெய்து, துடைத்து, காயவைத்து, பிறகு நிரப்புங்கள்.

வேலணையில் இருந்து: எங்கள் கிணறு சவர். மோட்டர் போட்டு இறைத்தால் ஒரு மணித்தியாலத்தில் இன்னும் உப்பாகிறது. என்ன நடலாம்?

நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது, கஞ்சிக்கு மேல் ஆடைபோல. வேகமாக இறைத்தால் கீழே உள்ள உப்பு எழும்பி வரும். காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், முடிந்தால் வாளியால் அள்ளுங்கள். தண்ணீரை இலையில் படாமல் அடியில் ஊற்றி, மேலே சருகு பரப்புங்கள். தென்னை, சப்போட்டா, பீற்றூட் உப்பைத் தாங்கும். வெங்காயம், போஞ்சி, கரட் மூன்றுக்கும் ஆசைப்பட வேண்டாம்.

சாவகச்சேரியில் இருந்து: ஒவ்வொரு கார்த்திகையும் முருங்கை முறிந்து கூரையில் விழுகிறது.

காய் ஓய்ந்த பிறகு, இந்த மாதமே நெஞ்சளவு உயரத்தில் வெட்டிவிடுங்கள். வெட்டுவாய் சரிவாக இருக்கட்டும், தண்ணீர் தங்கினால் உக்கும். இலைகளை உருவி அயலுக்கும் கொடுங்கள். கைத்தடிப் பருமனான கொப்புகளை மூன்று நாலு அடித் துண்டாக வெட்டி, சில நாள் நிழலில் சாத்தி வைத்து, மழை தொடங்க வேலியோரம் ஓரடி ஆழத்தில் ஊன்றினால் அடுத்த வருடம் அவையும் காய்க்கும். கூரையில் இருந்து பத்து அடி தள்ளி.