எவர்ட்டன் இடம் மாறியதற்கு இரசிகர்கள் ஏன் அழுதார்கள்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: இங்கிலாந்துக் கால்பந்து அணியான எவர்ட்டனின் புதிய மைதானம் பெரியது, வசதியானது; பிறகு எதற்கு எவர்ட்டன் இரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள்?

கொழும்பில் இருந்துகொண்டு தொலைக்காட்சியில் பார்க்கும் நமக்கு இரண்டும் பச்சைப் புல்தரைதான். லிவர்பூல் நகரத்து எவர்ட்டன் இரசிகர்களுக்கு அப்படியில்லை. 1892 முதல் 2025 வரை குடிசன் பார்க்தான் அவர்களின் மைதானம். பாட்டனார் உட்கார்ந்த வரிசையிலேயே பேரனும் உட்கார்ந்தான். பல இரசிகர்களின் அஸ்தியும் அந்த மண்ணில்தான் இருக்கிறது. அதை எந்தக் கட்டடக் கலைஞரால் இடம்மாற்ற முடியும்?

ஆனால் அங்கே தூண்கள் பார்வையை மறைத்தன, இருக்கைகள் நெருக்கமானவை. சுற்றிலும் வீடுகள், ஒரு மூலையில் தேவாலயம், விரிவுபடுத்த இடமே இல்லை. கொள்ளளவு சுமார் 39,000. ஆற்றங்கரையில் எழுந்த புதியதில் 52,000க்கும் அதிகம். டிக்கெட் வருமானம் கூடினால் நல்ல வீரர்களை வாங்கலாம் என்பது இரசிகர்களுக்கும் தெரியும்.

ஆனாலும் இடம் மாறினால் பழைய நெருக்கம் போய்விடுமோ என்று அவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் இலண்டன் அணியான வெஸ்ட் ஹாம். 2016இல் அது ஒலிம்பிக் மைதானத்துக்குப் போனபோது, ஓட்டப்பாதைக்காகக் கட்டிய இடமென்பதால் இருக்கைகளிலிருந்து புல்தரை எட்டத்தில் விழுந்தது. பழைய மைதானத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. எவர்ட்டன் அந்தத் தவறைச் செய்யவில்லை: புதிய இருக்கைகள் ஆடுகளத்தை ஒட்டியே இருக்கின்றன, குடிசன் பார்க் இப்போது மகளிர் அணியின் மைதானம்.