குழுவிலிருந்து விலகலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அம்மாவுக்கு மறதி நோய் முற்றியிருந்தபோது, அத்தகையவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான இணையக் குழு ஒன்றில் சேர்ந்தேன். ஒரு நள்ளிரவில், நனைந்த உடையை மாற்ற விடாமல் அம்மா என் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். அழுதுகொண்டே குழுவில் எழுதினேன். "வாதாடாதீர்கள். பத்து நிமிடம் வெளியே போய்விட்டு, இப்போதுதான் வருவதுபோல் சிரித்துக்கொண்டே உள்ளே வாருங்கள்" என்று யாரோ பதில் போட்டார். பலித்தது.

அம்மா இப்போது இல்லை. குழுவிலும் தினம் ஏதாவது சண்டை. விலகிவிடலாம் என்றால் மனம் உறுத்துகிறது. "முகம் தெரியாத கும்பல், இதற்குப் போய் இவ்வளவா?" என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணவரின் சந்தேகத்தில் நியாயம் உண்டு. ஆனால் முகம் தெரியாததைக் குறையாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே செய்தித்தாளைப் படிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலேயே தங்களை ஒரு நாட்டு மக்களாக எண்ணிக்கொள்வதைப் பற்றி பெனடிக்ட் ஆண்டர்சன் என்ற அரசியல் அறிஞர் 1983-லேயே எழுதிவிட்டார். அப்போது வாட்ஸ்அப் கிடையாது.

மாறியிருப்பது, விட்டுப்போவது எவ்வளவு சுலபம் என்பதுதான். உறவையோ தெருவையோ அவ்வளவு லேசில் விட்டுவிட முடியாது. பிடிக்காதவரோடும் சண்டை போட்டு, சமாதானமாகி, காலத்தை ஓட்ட வேண்டியிருந்தது. (பலருக்கு அது மூச்சுமுட்டுகிற இடமாகவும் இருந்தது. அந்தக் காலமே பொற்காலம் என்பவர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.) இணையக் குழுவிலோ ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970-இல் இதைத் தெளிவாகச் சொன்னார். ஓர் அமைப்பு சரியில்லை என்றால் அதில் இருப்பவருக்கு இரண்டு வழி: வெளியேறுவது, அல்லது உள்ளே இருந்து குரல் கொடுப்பது. வெளியேறுவது சுலபமாக இருந்தால் குரல் கொடுக்க ஆள் இருக்காது. பற்று உள்ளவர்தான் போகாமல் நின்று பேசுவார். உங்கள் குழுவில் சண்டை நடக்கிறது என்றால், இன்னும் சிலருக்கு அந்த இடம் வேண்டியிருக்கிறது என்று பொருள். ஒரு சத்தமும் இல்லாத குழுக்களைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

அப்புறம், நார்வேயின் மாட்ஸ் ஸ்டீன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர். பலர் சேர்ந்து ஆடும் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய விளையாட்டிலேயே பெரும்பாலான நேரத்தைக் கழித்தார். 2014-இல், 25 வயதில் இறந்தார். நட்பு என்றால் என்னவென்றே தெரியாமல் மகன் போய்விட்டான் என்று பெற்றோர் நினைத்தார்கள். மரணச் செய்தியைத் தந்தை இணையத்தில் போட்டதும், அந்த விளையாட்டில் அவரோடு பழகியவர்களின் மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. தங்கள் குடும்பச் சிக்கல்களில் அவர் எப்படித் துணை நின்றார் என்று எழுதியிருந்தார்கள். சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்துவிட்டார்கள்.

எல்லாக் குழுவும் இப்படி என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலானவற்றில் நாம் காணாமல் போனால் ஒருவரும் கவனிக்கப் போவதில்லை. இடமும் நமக்குச் சொந்தமில்லை: 2020 டிசம்பரில் யாஹூ குரூப்ஸ் என்ற இலவச இணையக் குழுச் சேவை மூடப்பட்டபோது, ஆண்டுக்கணக்கில் அங்கே கூடிப் பேசியவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. வாடகைக்குக்கூட இல்லை, ஓசியில் குடியிருந்தவர்களிடம் யார் சம்மதம் கேட்பார்கள்?

சரி, உங்கள் விஷயம். உங்கள் தேவை முடிந்துவிட்டது; ஆனாலும் போக மனம் வரவில்லை. வெறும் கும்பலிடம் யாருக்கும் இந்த உறுத்தல் வராது, இதை உங்கள் கணவரிடமும் சொல்லுங்கள். அந்த நள்ளிரவில் பதில் போட்டவரும், தன் வீட்டில் எல்லாம் முடிந்த பிறகும் அங்கேயே இருந்தவராக இருக்கலாம். என்னைக் கேட்டால், இன்னும் கொஞ்ச காலம் இருங்கள். சண்டை நடக்கும் உரையாடல் இழைகளை மியூட் செய்துவிடுங்கள்; புதிதாக வருபவர்களின் கேள்விகளை மட்டும் பாருங்கள். அதுவும் முடியவில்லை என்றால், ஒரு வரி எழுதிவிட்டு விலகுங்கள்.